நோய்க்குப் பெயரிடல்: உளநலப் பணியில் தமிழ்ச் சொற்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் கவிதையோடு உறவாடி வரும் ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில் மருத்துவத் துறைச் சொற்கள் பற்றிய உரைக்கு இடம் தரப்பட்டிருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இத்தலைப்பு இவ்வவைக்குப் புறம்பானதன்று. சொல்லைத் தேர்வதில் கவிஞர் பிழை செய்தால் ஒரு வரி கெடும். உளநலப் பணியாளர் பிழை செய்தால் ஒரு குடும்பமே வழி தவறிப் போகும். சொல்லின் எடை அறிந்தோரின் துணை இன்று மிகுதியும் வேண்டப்படும் இடங்களுள் இதுவும் ஒன்று.

திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடையே அமைந்த கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். கல்லூரியில் படிக்கும் மகன் சில வாரங்களாக உறங்கவில்லை, தனக்குள் பேசுகிறான், அண்டை வீட்டார் தன்னைக் கொல்லச் சதி செய்வதாகச் சொல்லிக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறான். தாய் என்ன செய்வாள்? அவள் செய்யப் போவது அவள் காதில் முதலில் விழும் சொல்லைப் பொறுத்தது. ‘காத்து கருப்பு’ என்று ஒருவர் சொன்னால் அவள் மந்திரிப்பவரிடம் போவாள். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொன்னால், சுவரெங்கும் விளம்பரம் எழுதி வைத்திருக்கும் போலி வைத்தியர் ஒருவர் தங்கும் விடுதியைத் தேடிப் போவாள். ‘பைத்தியம்’ என்று சொன்னால் எங்கும் போகமாட்டாள். மகனை வீட்டுக்குள் மறைத்து வைப்பாள். ‘இது ஒரு நோய், இதற்கு மருந்து உண்டு’ என்று ஒருவர் சொன்னால் மட்டுமே அரசு மருத்துவமனைக்குச் செல்லும் பேருந்தில் ஏறுவாள். நோய் ஒன்றுதான், சொல் நான்கு, வழியும் நான்கு.

பெயரிடல் என்பது சிகிச்சைக்கு முந்திய சடங்கன்று, சிகிச்சையின் முதற்படியே அதுதான் என்பதே இவ்வுரையின் கருத்து.

தவறாக அறியப்பட்ட நோய்

இவ்வுண்மை தமிழ் மரபுக்குப் புதிதன்று. அகப்பாடல்களில் வரும் வெறியாட்டுத் துறையை நினைவுகூரலாம். தலைவி மெலிகிறாள், உணவு மறுக்கிறாள், உறக்கம் இழக்கிறாள். காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியை அழைக்கிறாள், வேலன் களம் அமைத்துக் கழங்கு பார்க்கிறான், இது முருகனால் வந்த வருத்தம் என்கிறான், மறி பலியிடப்படுகிறது. மெய்யான காரணம் தோழிக்கு மட்டுமே தெரியும். அவள் தலைவியின் நாணம் கெடாமலும் தாயின் அன்பு புண்படாமலும் உண்மையை உரிய சொல்லால் வெளிப்படுத்துகிறாள். இதனையே இலக்கணம் ‘அறத்தொடு நிற்றல்’ என்றது.

பிழையான பெயரீட்டையும் அதனைத் திருத்தும் முறையையும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு துறையாக வகுத்த இலக்கியம் இது. வேலன் பொய்யன் என்று தோழி ஏசுவதைக் காட்டிலும், தாய் கேட்கத்தக்க சொல்லைத் தேடுவதே அங்குப் பெரிது. இன்றைய உளநலப் பணியாளர் ஏற்க வேண்டிய இடமும் தோழியின் இடமேயாகும்.

பித்து என்னும் சொல்லின் வரலாறு

பித்து, பைத்தியம் ஆகிய இரு சொற்களும் பித்தம் என்னும் சொல்லோடு உறவுடையன. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் நிலை பிறழ்வதால் நோய் வரும் என்ற மருத்துவக் கொள்கையிலிருந்து அவை பிறந்தன. கிரேக்க மருத்துவமும் ஆழ்ந்த துயரநோயைக் கரும்பித்தத்தின் விளைவாகக் கண்டு ‘மெலன்கோலியா’ என்றது. சித்த மருத்துவம் மனநோய்களைக் ‘கிரிகை’ என அழைத்தது. அகத்தியர் பெயரால் வழங்கும் நூல் அவற்றைப் பதினெட்டாக வகைப்படுத்தியது. ஆக, இன்று வசைச்சொல்லாக வழங்கும் பைத்தியம் ஒரு காலத்தில் மருத்துவச் சொல்லே. அதனை இழிவாக்கியது மொழியன்று. நோயுற்றோரைச் சமூகம் நடத்திய முறை.

பித்து என்பதற்கு வேறொரு வாழ்வும் உண்டு. திருவெண்ணெய்நல்லூரில் தம்மைத் தடுத்தாட்கொண்ட முதியவரைச் சுந்தரர் பித்தன் என்று ஏசினார். அச்சொல்லையே முதலாக வைத்துப் பாடும்படி இறைவன் பணித்ததாகப் பெரிய புராணம் கூறுகிறது. ஏசலாக எழுந்த சொல் சுந்தரர் தேவாரத்தின் முதற்சொல்லாக உயர்ந்தது. அண்ணாமலையை வலம் வரும் ஊரில் இவ்வரலாற்றின் பொருள் எவர்க்கும் விளங்கும். ஆனால் அதே ஊர்களில் ஓர் எச்சரிக்கையும் தேவை. சடைபிடித்த தலையோடும் கிழிந்த ஆடையோடும் பேசாது திரிபவர் எல்லாரும் சித்தர் ஆகார். அவர்களுள் வீட்டாரால் கைவிடப்பட்ட நோயாளியும் இருக்கக்கூடும். அத்தகையோரைக் கும்பிட்டுவிட்டுக் கடந்து போவதும் கல்லெறிந்துவிட்டுக் கடந்து போவதும் விளைவில் ஒன்றே: இரண்டிலும் மருந்து கிடைப்பதில்லை.

நிறுவனப் பெயர்களின் மாற்றமும் இவ்வரலாற்றின் பகுதியே. சென்னையில் 1794ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மனநோயாளர் காப்பிடம் 1871இல் கீழ்ப்பாக்கத்திற்கு மாறியது. 1922இல் அரசு மனநோய் மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. 1978இல் மனநல நிலையம் ஆயிற்று. காப்பிடம் மருத்துவமனையாகி, ‘நோய்’ ‘நலம்’ ஆனது பெரிய மாற்றம். ஆயினும் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரே திரைப்பட நகைச்சுவையில் வசையாகிவிட்டது. இலங்கைத் தமிழர் நடுவில் ‘அங்கொடை’க்கும் இதே கதி நேர்ந்தது. பெயர்ப்பலகையை மாற்றினால் மட்டும் போதாது என்பதற்கு இவ்விரு ஊர்களும் சான்று.

சட்டத்தின் சொல்லும் அவ்வாறே. 1912ஆம் ஆண்டின் சட்டம் நோயாளியை ‘லூனடிக்’ என்றது. நிலவின் தாக்கத்தால் மதி மயங்கியவர் என்பது அச்சொல்லின் மூலப்பொருள். 1987இல் இயற்றப்பெற்று 1993இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அச்சொல்லை நீக்கியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை உரிமையுடைய குடிமகனாகக் கண்டது.

இவ்விரு சட்டங்களுக்கும் இடையே ஏர்வாடி நிற்கிறது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக்கொட்டகை தீப்பற்றியது. அங்குச் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்பியோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்குக் கொண்டுவந்து சேர்த்த உறவினர் பலரும் கொடியவர் அல்லர். நோய் என்ற சொல்லை அவர்களிடம் உரிய காலத்தில், உரிய முறையில் சொல்ல ஆளில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தலாகாது என்று விலக்கியுள்ளது.

பணியாளர் அறிய வேண்டிய அடிப்படைச் சொற்கள்

இனி, அடிக்கடி மயங்கும் சில சொற்களைப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது, மனநோயும் அறிவுத்திறன் குறைபாடும் வேறு வேறு. பின்னது பிறப்பிலோ இளம் பருவத்திலோ தோன்றும் வளர்ச்சிநிலை. முன்னது எந்த வயதிலும் வரக்கூடியது, சிகிச்சையால் தணியக்கூடியது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது இருசாரார்க்கும் தீங்கு.

இரண்டாவது, மன அழுத்தமும் மனச்சோர்வும். செய்தித்தாள்கள் இவ்விரண்டையும் மாற்றி மாற்றி வழங்குகின்றன. தேர்வு, கடன், வேலைப்பளு முதலிய புறச்சுமையால் உண்டாகும் நெருக்கடி மன அழுத்தம். சுமை நீங்கினால் அதுவும் பெரும்பாலும் நீங்கும். மனச்சோர்வு நோய் அவ்வாறன்று. எதிலும் விருப்பமின்மை, நீங்காத துயரம், உறக்கமும் பசியும் கெடுதல், காரணமற்ற களைப்பு, தான் எதற்கும் உதவாதவர் என்னும் எண்ணம், சாவைப் பற்றிய நினைவு ஆகியவற்றுட் பல இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மருத்துவம் வேண்டும் நிலை. சோர்வு நோயுற்றவரிடம் ‘உனக்கு மன அழுத்தம்தான், நாலு நாள் வெளியூர் போய் வா’ என்று சொல்வது, எலும்பு முறிந்தவரை நடந்து பழகச் சொல்வதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, அச்சமும் பதற்றமும். பாம்பைக் கண்டு வருவது அச்சம். எதிரே ஒன்றும் இல்லாதபோதும் நெஞ்சு துடித்து, வியர்த்து, ஏதோ நேரப் போகிறது என்று நாளும் நடுங்குவது பதற்றநோய். கை கழுவிய பின்னும் அழுக்கு என்ற எண்ணம் விடாது திரும்பத் திரும்ப வந்து, மீண்டும் மீண்டும் கழுவச் செய்வது எண்ணச் சுழற்சி நோய். தமிழில் அமைந்த நல்ல கலைச்சொற்களுள் இதுவும் ஒன்று. நோயாளி தாம் படுவதை இச்சொல்லிலேயே கண்டுகொள்கிறார்.

நான்காவது, மாயப்புலனுணர்வும் பிறழ்நம்பிக்கையும். எவரும் பேசாதபோது குரல் கேட்பதும், இல்லாத உரு தெரிவதும் முன்னது. சான்றுகள் எவ்வளவு காட்டினும் அசையாத பொய்யான உறுதி பின்னது. கயிற்றைப் பாம்பாகக் காண்பது இவ்விரண்டும் அன்று. உள்ள பொருளைப் பிறிதாகக் காணும் திரிபுக்காட்சி அது. குரல் கேட்பவரிடம் ‘அப்படி ஒன்றுமில்லை’ என்று வாதாடுவதாற் பயனில்லை. அவர்க்கு அது மெய்யாகவே கேட்கிறது. ‘அந்தக் குரல் என்ன சொல்கிறது? கேட்கும்போது பயமாக இருக்கிறதா?’ என்று வினவுவதே முறை.

ஐந்தாவது, இருமுனை மனநிலைக் கோளாறு. சில காலம் அளவிறந்த எழுச்சி, உறக்கம் வேண்டாமை, ஓயாப் பேச்சு, கைப்பொருளை வாரி இறைத்தல்; பிறிதொரு காலம் எழ இயலாச் சோர்வு. இதனை ‘ஆள் ஒரு மாதிரி’ என்று ஊர் கடந்து போய்விடும்.

துறையோர் பெயர்களிலும் தெளிவு வேண்டும். மனநல மருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்று மருந்து எழுதுபவர். உளவியலாளர் உளநிலையை ஆய்ந்து, மருந்தின்றிப் பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தருபவர். மனநலச் சமூகப் பணியாளர் குடும்பத்தையும் மருத்துவமனையையும் இணைப்பவர்.

மெய்யில் தோன்றும் மனம்

கலைச்சொல் மட்டும் அறிந்த பணியாளர் ஊருக்குள் சென்றால் திகைக்க நேரும். நூல் நிலக்கடலை என்று சொல்வதை இம்மாவட்டத்து உழவர் மல்லாட்டை என்பர். அதுபோலவே ‘எனக்கு மனச்சோர்வு’ என்று எந்தக் கிராமத்துப் பெண்ணும் சொல்வதில்லை. ‘உடம்பெல்லாம் காந்துது’, ‘அடிவயிறு கலங்குது’, ‘தலைக்குள்ள என்னமோ ஊருது’, ‘கைகால் ஓஞ்சு போச்சு’ என்றே சொல்கிறார். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாதபோது ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பப்படுகிறார். மனம் அங்கே உடலின் மொழியில் பேசியிருக்கிறது. கேட்டவருக்கு அம்மொழி தெரியவில்லை.

தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு உணர்வுகளை வகுத்து, அவற்றுக்கு ‘மெய்ப்பாடு’ என்று பெயரிட்டார். உள்ளத்து நிகழ்வு மெய்யின்கண் தோன்றிப் பிறர்க்குப் புலனாவது என்பதே அதன் பொருள். உளநலப் பணியாளர்க்குத் தமிழ் இலக்கணம் தரத்தக்க முதற்பாடம் இவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது.

நோயாளியின் முகத்துக்கு நேரே

ஒரு கலைச்சொல் நல்லதா என்பதை அளக்கக் கோல் ஒன்றுண்டு: அதனை நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? இக்கோலால் அளக்கும்போது இடறும் சொல் ‘மனச்சிதைவு’.

சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் புளூலர் 1908இல் இந்நோய்க்கு ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்று பெயரிட்டார். பிளவு, மனம் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொற்களால் ஆனது அது. எண்ணம், உணர்ச்சி முதலிய மனச்செயல்களின் இணைப்புத் தளர்வதையே அவர் குறித்தார். ஒருவர்க்குள் இருவர் வாழ்வதாக 2005இல் வெளிவந்த ‘சந்திரமுகி’, ‘அந்நியன்’ ஆகிய திரைப்படங்கள் காட்டிய நிலை இதுவன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்பின்படி ஏறத்தாழ 300 பேரில் ஒருவர் இந்நோயுடன் வாழ்கின்றனர். சிகிச்சையால் நலம் பெற்றுத் தொழில் செய்வோரும் குடும்பம் நடத்துவோரும் அவர்களுள் உண்டு. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் மா. சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை பணியாற்றி, 1984இல் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைச் சென்னையில் தோற்றுவித்து, 2021இல் மறையும் வரை வலியுறுத்தி வந்தது இந்நோயாளரின் மறுவாழ்வையே.

இத்தகைய நோய்க்குச் சிதைவு என்று தமிழில் பெயர். சிதைந்த கோட்டை, சிதைந்த சிலை என்பன மீளாதவை. இருபது வயது இளைஞனிடம் ‘உன் மனம் சிதைந்துவிட்டது’ என்று எவ்வாறு சொல்வது? சொல்ல நாவெழாத மருத்துவர் ஆங்கிலத்தில் சீட்டெழுதிக் கொடுத்துவிடுகிறார். தன் நோய் இன்னதென்று அறியாதவன் சிறிது தேறியதும் மருந்தை நிறுத்துகிறான், நோய் திரும்புகிறது.

ஜப்பானில் இதே இடர் இருந்தது. ‘மனம் பிளந்த நோய்’ என்ற பொருளுடைய பழம்பெயரை மாற்றுமாறு நோயாளர் குடும்பங்களின் கூட்டமைப்பு 1993இல் வேண்டியது. 2002இல் ‘ஒருங்கிணைவு குன்றிய நிலை’ என்ற பொருளில் புதுப்பெயர் ஏற்கப்பட்டது. நோயின் பெயரைத் தெரிவிக்கப்பெற்ற நோயாளர் 2002இல் சுமார் 37 விழுக்காடு. 2004இல் சுமார் 70 விழுக்காடு. மருந்து மாறவில்லை; மருத்துவரின் நா விடுபட்டது. தென்கொரியா 2011இல், நரம்புக் கருவியின் தந்திகளைச் சுருதி சேர்ப்பதை உணர்த்தும் பெயரைத் தேர்ந்தது. தளர்ந்த நரம்பை மீண்டும் முறுக்கிச் சுருதி கூட்டலாம் என்னும் நம்பிக்கை அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

யாழும் பண்ணும் கண்ட தமிழுக்கு இது இயலாததன்று. குஷ்டம் தொழுநோய் ஆயிற்று. ஊனமுற்றோர் மாற்றுத்திறனாளிகள் ஆயினர். மனச்சிதைவுக்கு மாற்றுச்சொல் காண மருத்துவரும் நோயாளர் குடும்பத்தாரும் கவிஞரும் ஒருங்கே அமர வேண்டும். தனியொருவர் படைத்து அறிவிக்கும் செயலன்று இது.

வடுவும் ஆற்றுப்படையும்

நல்ல சொல் அமைவதற்கு ஈழத்தமிழர் வழிகாட்டியுள்ளனர். போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய தயா சோமசுந்தரம் முதலிய உளமருத்துவர்கள், பேரதிர்ச்சி உள்ளத்தில் விட்டுச் செல்லும் காயத்தை ‘மனவடு’ என்றனர். வடு என்பது ஆறிய புண்ணின் தடம். நேர்ந்ததை அச்சொல் மறைப்பதில்லை. ஆறாது என்று அச்சுறுத்துவதுமில்லை. நாவாற் சுடுவதையும் வடு என்றே வள்ளுவர் வழங்கியது இங்கு எண்ணத்தக்கது.

ஆலோசனை என்று பொதுவாக வழங்கும் பணிக்கு ‘உளவளத்துணை’, ‘ஆற்றுப்படுத்தல்’ என்னும் சொற்களும் வழங்குகின்றன. பின்னது இம்மாவட்டத்தார் உரிமையோடு கொண்டாடத்தக்கது. பத்துப்பாட்டுள் கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம், செங்கண்மாவாகிய செங்கத்தை ஆண்ட நன்னன்மீது பெருங்கௌசிகனார் பாடியது. முன்பே அவ்வழி சென்று திரும்பிய கூத்தன், வறுமையோடு வரும் மற்றொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி எங்குள்ளது, புனங்காவலர் எறியும் கவண்கல் எங்கு வந்து விழும், பாறை எங்கு வழுக்கும் என ஒவ்வொன்றாக எச்சரிக்கிறான். இரவில் தங்குமிடத்தையும் காட்டுகிறான். அவன் மேலிருந்து அறிவுரை கூறுபவன் அல்லன். அதே துன்பத்தைப் பட்டு மீண்டவன். நலமடைந்த நோயாளியே பிற நோயாளர்க்குத் துணையாவதை இன்றைய உளநலத்துறை பெரிதும் ஊக்குவிக்கிறது. அதன் இலக்கணம் பழந்தமிழில் வகுக்கப்பெற்றுள்ளது.

கவிஞர் செய்யத்தக்கன

இந்திய அளவில் 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோருள் நூற்றுக்குப் பத்துப்பேருக்கும் மேலானோர்க்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருப்பதாகக் கண்டது. அக்கணக்கின்படி நோக்கினால் இத்தகைய ஓர் அவையிலும் சிலர் இருப்பர். தம் வீட்டில் ஒருவரை உடையோர் இன்னும் பலர் இருப்பர். ஆகவே ‘அவர்கள்’ என்று சுட்டிப் பேசும் பொருளன்று இது.

கவிஞர் செய்யத்தக்கன மூன்று. அரசியலையோ பகைவரையோ சாட, பைத்தியம், மனநோய் என்னும் சொற்களைக் கையாளாதிருத்தல் ஒன்று. அவ்வரி தாக்குவது அரசியல்வாதியை அன்று, செய்தித்தாள் படிக்கும் நோயாளியை. இரண்டு, இவ்வட்டாரத்து மக்கள் மனத்துன்பத்தைச் சொல்லும் தொடர்களை ஊர்தோறும் கேட்டுத் தொகுத்தல். அத்தொகுப்பு கிராமச் செவிலியர்க்கும் இளம் மருத்துவர்க்கும் எந்தப் பாடநூலும் தராத உதவியாக அமையும். மூன்று, துன்புறுவோர்க்கு வழி தெரிவித்தல். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ என்னும் 14416 தொலைபேசி உதவி தமிழிலும் கிடைக்கிறது. உயிர் மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாகக் காணாமல், கடுந்துயரில் இருந்தவராகக் கருதிப் பேண வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆதரவின்றித் திரியும் மனநோயாளரைப் பாதுகாத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது காவல்துறையின் கடமை என்றும் அது விதிக்கிறது. இவற்றை அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்வதும் ஆற்றுப்படையே.

கதவைத் தாழிட்டுக்கொண்ட மகனும் வாசலில் நிற்கும் தாயும் இன்னும் காத்திருக்கின்றனர். அவ்வாசலுக்கு முதலிற் போய்ச் சேரும் சொல் எது என்பதே வினா. பத்தாண்டுகள் சொல்லைப் பேணிய இவ்வட்டம், அடுத்த பத்தாண்டுகளில் அவ்வாசலுக்குச் செல்லத்தக்க சில சொற்களையும் ஆக்கித் தருமாயின் தமிழும் பயன்பெறும். தாய் ஒருத்தியும் பேருந்து ஏறுவாள்.